மலைத் தோட்டத்துச் சரக்கு வண்டி: கையால் மாற்றும் கியரா, தானியங்கிக் கியரா?

விதை, உரம், பூச்சி மருந்து பற்றி என்னிடம் கேட்கும் விவசாயிகள் இப்பொழுது வண்டி பற்றியும் கேட்கத் தொடங்கியுள்ளனர். இதில் வியப்பில்லை. விளைவித்த காய்கறியை வாடாமலும் நசுங்காமலும் விடிவதற்குள் சந்தையில் சேர்ப்பதும் சாகுபடியின் ஒரு பகுதியே. அந்த வேலையைச் செய்யும் டீசல் பிக்கப் வண்டியை வாங்கும்போது கையால் மாற்றும் கியர் உள்ளதை வாங்குவதா, தானாக மாறும் கியர் உள்ளதை வாங்குவதா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கோத்தகிரிப் பக்கத்தில் காரட் பயிரிடும் ஒரு விவசாயி தம் மகனுடன் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். முப்பது ஆண்டுகளாக மேட்டுப்பாளையம் சந்தைக்குத் தாமே வண்டி ஓட்டிச் செல்பவர். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். "கிளட்ச் இல்லாத வண்டியே வேண்டும்" என்கிறார் மகன். "கியர் என் கையில் இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி ஓடிவிடும்" என்கிறார் தந்தை. "நீங்களே தீர்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று இருவரும் என் முன் அமர்ந்தனர். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கியர் எதற்கு?

டீசல் எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒரே அளவு இழுக்காது. இக்கால பிக்கப் எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 1,500 முதல் 2,500 சுற்று வரையில்தான் நன்றாக இழுக்கும். அதற்குக் கீழே திணறும். அதற்கு மிக மேலே சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. சக்கரமோ நிற்கும் நிலையிலிருந்து 80 கி.மீ. வேகம் வரை சுழல வேண்டும். இந்த இரண்டையும் பொருத்தி வைப்பதே கியர் பெட்டியின் வேலை.

ஒரு கணக்கைப் பாருங்கள். எஞ்சினின் திருகு விசை 250 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது. பின் அச்சில் உள்ள பற்சக்கரம் மேலும் 4 மடங்காக்குகிறது. ஆக 16 மடங்கு. தேய்மானம் போக, சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 1,000 கிலோ எடைக்குச் சமம். அதே எஞ்சின், கியர் பெட்டி ஒன்றுக்கு ஒன்றாகச் சுழலும் மேல் கியரில், சுமார் 250 கிலோ அளவே தள்ளும். சரக்குடன் 3 டன் எடையுள்ள வண்டி, பத்து அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் ஏற வேண்டுமானால் எடையை எதிர்க்க மட்டும் 300 கிலோ விசை தேவை. ஆகவே மேல் கியரில் அந்த மேடு ஏறாது. கீழ் கியரில் எளிதாக ஏறும்.

கியரைக் கையால் மாற்றினாலும் தானாக மாறினாலும் இந்தக் கணக்கு ஒன்றே. எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் யார், எதைக் கொண்டு என்பதில்தான் வேறுபாடு.

கையால் மாற்றும் கியர்

இதில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே கிளட்ச் பிளேட் உள்ளது. பெடலை மிதித்தால் பிளேட் விலகும்; விட்டால் ஃப்ளைவீலோடு இறுகும். முழுதாக விலகியிருக்கும்போதும், முழுதாக இறுகியிருக்கும்போதும் பிளேட் தேய்வதில்லை. பாதி விலகி வழுக்கும்போதுதான் தேய்கிறது. அந்த வழுக்கலில் எஞ்சினின் சக்தி வெப்பமாக மாறிப் பிளேட்டின் மேற்பூச்சைக் கருக்குகிறது.

மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், பாதிக் கிளட்சிலும் ஆக்சிலரேட்டரிலும் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் நம் ஓட்டுநர்கள் பலரிடம் உண்டு. வண்டி அசையாமல் நிற்பதால் எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுவதும் பிளேட்டிலேயே எரிகிறது. கருகிய வாடை வந்தால் பணம் கருகுகிறது என்று பொருள். கிளட்ச் பெடல் மேல் எப்போதும் காலை வைத்து ஓட்டுவதும் இதே தீங்கைச் செய்யும். ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். நல்ல கையில் பல ஆண்டுகள் உழைக்கும் பிளேட், கெட்ட பழக்கத்தில் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

இம்முறையின் சிறப்பு எளிமை. சிறிய ஊர்ப் பட்டறையிலும் மெக்கானிக் இதைப் பிரித்துச் சேர்ப்பார். உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் அவசரத்திற்குத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம்.

தானியங்கியில் இரு வகை

கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகள் எல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இரண்டு வகைகளை விவசாயிகள் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, எண்ணெய் மூலம் இழுவையைக் கடத்தும் 'டார்க் கன்வெர்ட்டர்' உள்ளது. ஓடும் மேசை மின்விசிறி ஒன்றின் எதிரே ஓடாத விசிறி ஒன்றை நெருக்கி வைத்தால், காற்றின் வேகத்தில் இரண்டாவதும் சுழலத் தொடங்கும். இங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய். எஞ்சின் சுழற்றும் தகடுகள் எண்ணெயை வீச, எதிரே உள்ள தகடுகள் அதனால் சுழல்கின்றன. இடையில் உள்ள மூன்றாவது தகடு எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடுவதால், புறப்படும் நேரத்தில் திருகு விசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆதலால் பாரத்துடன் மேட்டில் புறப்படும்போது வண்டி அதிராமல் நகரும். எரிவதற்குக் கிளட்ச் பிளேட் இல்லை. வேகம் வந்ததும் ஒரு பூட்டுக் கிளட்ச் இரு பக்கங்களையும் இறுகப் பிணைத்துவிடும். இதனால் முற்காலத் தானியங்கிகளில் இருந்த டீசல் விரயம் இப்போது வெகுவாகக் குறைந்துள்ளது. 1939இல் அமெரிக்காவில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் வெளிவந்த தானியங்கிக் கியரிலேயே எண்ணெய் இணைப்பு இருந்தது. ஆகவே இது நேற்று வந்த புதுமை அன்று.

இரண்டாவது வகை, சாதாரணக் கியர் பெட்டியையும் சாதாரணக் கிளட்ச் பிளேட்டையும் வைத்துக்கொண்டு, பெடல் மிதிக்கும் வேலையையும் கியர் தள்ளும் வேலையையும் ஒரு கருவியிடம் ஒப்படைப்பது. இதை 'ஏ.எம்.டி.' என்பர். 2014இல் மாருதி செலிரியோ கார் மூலம் இது நம் நாட்டில் பரவத் தொடங்கியது. விலை குறைவு, டீசல், பெட்ரோல் செலவும் குறைவு. ஆனால் இதில் பெடல்தான் இல்லை, பிளேட் உண்டு. மேட்டில் ஆக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்தினால் கையால் மாற்றும் வண்டியைப் போலவே பிளேட் கருகும். மேட்டில் புறப்படும்போது வண்டி சற்றுப் பின்வாங்கவும் கூடும். எனவே "ஆட்டோமேட்டிக்" என்று விற்பவர் சொன்னால், "டார்க் கன்வெர்ட்டரா, ஏ.எம்.டி.யா?" என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

இறக்கமே உண்மையான சோதனை

ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் தவறு செய்தால் வண்டி நிற்காது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே உள்ளது. 3 டன் எடையுள்ள வண்டி இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 41 மெகாஜூல். 20 லிட்டர் குடிநீர் கேன்கள் ஏழில் உள்ள நீரை, சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்கும் வரை சூடாக்க இது போதும். இதில் ஒரு பகுதி காற்றிலும் சக்கரத்தின் உராய்விலும் போகும். மீதியை எஞ்சின் தடுக்க வேண்டும். இல்லையேல் நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக்குகள் தாங்க வேண்டும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் லைனிங்கின் பிடிப்புக் குறையும். பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் மெத்தென்று தரை வரை இறங்கிவிடும். புதிய 'டாட் 3' வகை ஆயில் 205 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலோ 140 டிகிரி அளவிலேயே கொதிக்கக்கூடும். பனியும் மழையும் மிகுந்த மலைப் பகுதியில் இந்த ஈரம் சீக்கிரம் சேரும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்லன். மாணவனாக இருந்தபோது என் தாய்மாமாவுடன் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய வேனில் மலையிறங்கினேன். டீசல் மிச்சமாகும் என்று மாமா வண்டியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினார். நான்காவது வளைவில் கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் தரை தொட்டது. அவர் நிதானம் இழக்காமல் வண்டியை மலைப் பக்கம் ஒடித்து, மண் திட்டில் உரசி நிறுத்தினார். என் பக்கத்துக் கதவு நசுங்கியது, இருவரும் பிழைத்தோம். மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மிச்சம் பிடித்த டீசல் அரை லிட்டர் இருக்குமா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அரை லிட்டரும் இன்றைய வண்டியில் மிச்சமாகாது. கணினி மூலம் டீசல் செலுத்தும் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அறவே நின்றுவிடும்; சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்க டீசல் செலவாகும். சாவியை அணைத்து இறங்குவதோ அதனினும் கேடு. பிரேக்குக்கு வலு சேர்க்கும் வெற்றிட பம்பு எஞ்சினால் ஓடுவது. அது நின்றால் சில மிதிப்புகளுக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

தந்தையின் அச்சத்துக்கு விடை இங்கேதான் உள்ளது. தானியங்கி வண்டியை 'டி' நிலையிலேயே விட்டு இறங்கினால், பல வண்டிகள் மேல் கியருக்குத் தாவிவிடும். பிரேக்கின் மேல் சுமை ஏறும். இந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் தானியங்கியிலும் கீழ் கியரில் நிறுத்தி வைக்க வழி உண்டு. 'எல்', '2' போன்ற நிலைகளோ, கூட்டல் கழித்தல் குறியிட்ட கைமாற்று முறையோ இருக்கும். இறக்கம் தொடங்குமுன் அதில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், வண்டி அந்தக் கியரைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

மகனின் கவலைக்கும் காரணம் இருந்தது. தந்தைக்கு இடது முழங்காலில் மூட்டுத் தேய்வு. சென்ற மழைக்காலத்தில் இறக்கத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது முழங்கால் மடங்காமல் கிளட்ச் பாதியில் நின்றது. கியர் விழவில்லை. வண்டி நியூட்ரலில் சிறிது தூரம் ஓடியது. தந்தை இதை வீட்டில் சொல்லவில்லை. உடன் வந்த கூலியாள் சொல்லித்தான் மகனுக்குத் தெரிந்தது. இதை மகன் கூறியபோது பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செலவும் சரக்கும்

நம் சந்தையில் ஒரு டன், ஒன்றரை டன் ஏற்றும் டீசல் சரக்கு பிக்கப்களில் பெரும்பாலானவை கையால் மாற்றும் கியர் கொண்டவையே. டார்க் கன்வெர்ட்டர் தானியங்கி பெரும்பாலும் ஐந்து பேர் அமரும் இரட்டைக் கேபின் வண்டிகளில்தான் கிடைக்கிறது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்றவை இவ்வகை. 2022இல் இங்கு வந்த ஹைலக்ஸ் வண்டியில், கையால் மாற்றும் வகைக்குத் திருகு விசை 420 நியூட்டன் மீட்டர். தானியங்கி வகைக்கு 500. ஆகவே "தானியங்கி என்றால் இழுக்காது" என்பது இன்று பொருந்தாது. ஆனால் இரட்டைக் கேபின் வண்டியில் சரக்குத் தொட்டி குட்டையானது; விலையோ சரக்கு பிக்கப்பை விடப் பல மடங்கு. வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்து, எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கணக்கிட்ட பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பில், கையால் மாற்றும் வண்டிக்குக் கிளட்ச் செலவு அவ்வப்போது வரும். ஒவ்வொரு முறையும் தாங்கக்கூடியது. தானியங்கிக்குச் செலவு அரிதாக வரும். வந்தால் பெரிதாக வரும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒர்க்‌ஷாப் எத்தனை கி.மீ. தொலைவில் உள்ளது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எவருக்கு எது ஏற்றது?

கீழ்க்கண்டோர் கையால் மாற்றும் கியர் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம்:

1. தினமும் ஒரு டன்னும் அதற்கு மேலும் சரக்கு ஏற்றுவோர்.
2. வாடகைக்கும் வண்டி ஓட்டுவோர். அடிக்கடி ஓட்டுநர் மாறும் நிலையில் உள்ளோர்.
3. பெரிய ஒர்க்‌ஷாப் வெகு தொலைவில் உள்ள ஊரினர்.
4. கடன் தவணையைச் சரக்கு வருமானத்திலேயே கட்ட வேண்டியோர்.

கீழ்க்கண்டோர் டார்க் கன்வெர்ட்டர் தானியங்கியைப் பரிசீலிக்கலாம்:

1. இடது கால், முழங்கால், இடுப்பு வலி உள்ளவர் தாமே ஓட்ட நேரும் குடும்பங்கள்.
2. நின்று நின்று நகரும் நெரிசலில் நாள்தோறும் செல்வோர்.
3. குறைந்த சரக்கு, நாற்று, இடுபொருள், குடும்பத்தினர் ஆகியவற்றுக்கு ஒரே வண்டியைப் பயன்படுத்துவோர்.
4. தோட்டத்துக்குள் ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை ஊர்ந்து நகர்த்தி அறுவடையை ஏற்றுவோர்.

ஓட்டும் முறை

எந்த வண்டியாயினும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். கியரை இறக்கம் தொடங்குமுன் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் பிடித்தபின் தேடக் கூடாது.
2. இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. எஞ்சினை அணைக்கவும் கூடாது.
3. பிரேக்கைத் தொடர்ந்து மெல்ல அழுத்திக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்து, பின் விட்டு ஆறவிட வேண்டும்.
4. கருகிய வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஆறவிட வேண்டும். சூடான பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.
5. மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட வேண்டும். கிளட்சாலோ ஆக்சிலரேட்டராலோ தாங்கக் கூடாது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியிலும் இப்படித் தாங்கினால் எண்ணெய் சூடேறும்.
6. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தானியங்கிக் கியர் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன வகையில், சொன்ன தூரத்தில் மாற்ற வேண்டும்.
7. டார்க் கன்வெர்ட்டர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய இயலாது. பின் சக்கரம் தரையில் உருள அதைக் கட்டி இழுத்தால் கியர் பெட்டி கெடும். பின் சக்கரத்தைத் தூக்கியோ, வண்டியையே வேறொரு வண்டியில் ஏற்றியோ கொண்டு செல்ல வேண்டும்.
8. குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது சாலை விதி.

இருவருக்கும் சொன்ன விடை

கோத்தகிரி விவசாயி ஏற்றுவது ஒரு டன்னுக்கு மேல் காரட். அந்தச் சுமைக்கு அவருடைய கைப்பணத்தில் வாங்கக்கூடியது கையால் மாற்றும் கியர் சரக்கு பிக்கப் ஒன்றுதான். இரட்டைக் கேபின் தானியங்கி வாங்கினால் இரண்டு நடை போக வேண்டும். கடனும் கழுத்தை நெரிக்கும். ஆகவே வண்டி தந்தை சொன்னதே இருக்கட்டும் என்றேன். ஆனால் அந்தக் காலுடன் பாரம் ஏற்றிய வண்டியைத் தந்தை இனி மலையிறக்கக் கூடாது, மகன் ஓட்டட்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். எந்த வண்டி என்று முடிவு செய்யுமுன், யார் ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். இவர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தயங்கி முதல் கேள்வியில் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர்.

பெரியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு மகனிடம், "நாளைக் காலை நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று சொல்கிறேன்" என்றார். முப்பது ஆண்டு அனுபவம் இறங்கி வர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புதிய வண்டி வாங்க எண்ணும் விவசாயப் பெருமக்கள் தங்கள் சரக்கின் எடை, பாதையின் இறக்கம், ஓட்டுபவரின் உடல்நிலை, பட்டறையின் தொலைவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அதே பாதையில் சுமையுடன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்தால், போட்ட பணத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்புப் பெறலாம்.